பிக்கப் வண்டிக்கு ஆட்டோ சைடு ஸ்டெப்: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுகிற வண்டியே மாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், எங்கள் பக்கம் பல வீடுகளில் இதுதான் நடைமுறை. தோட்டத்துக்கு வண்டி உயரமாக இருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர்களுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் இறங்கி, மூடினால் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும் படியை அதனால்தான் இத்தனை பேர் விசாரிக்கிறார்கள். பட்டறையில் ஸ்பேனரும் கையுமாக நின்று பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

பக்கத்துக்கு ஒரு நீளமான படி. அதைத் தாங்க இரண்டு மடக்குக் கைகள். பெரும்பாலும் ஒரு கையில் 12 வோல்ட் மோட்டார் இருக்கும், இன்னொரு கை அதன் கூடவே நகரும். கதவு திறந்த செய்தி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போனதும் மோட்டார் சுழன்று படியை வெளியே தள்ளிக் கீழே இறக்கும். கதவு மூடி இரண்டு மூன்று வினாடி கழித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படி எதன் மீதாவது இடித்தால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும். பெட்டி அதைக் கவனித்து மோட்டாரை நிறுத்தும், அல்லது திருப்பி ஓட்டும். இதை நினைவில் வையுங்கள், கீழே சகதியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அண்ணே, சாதாரண படி போதாதா? விலை பாதிகூட இல்லையே.

பலருக்குப் போதும். குடியிருப்புத் தாமானிலிருந்து வேலைக்கும் பசாருக்கும் போய்வரும் வண்டிக்கு நிலையான படியே நல்லது. கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை.

ஆனால் நிலையான படி இரண்டு பக்கமும் சிக்கல். தரையிலிருந்து உயரம் குறையக் கூடாது என்பதற்காக அதை மேலே தூக்கிப் பொருத்துவார்கள். அப்புறம் அது ஏறுபவருக்கு அவ்வளவாக உதவாது. அப்படித் தூக்கியும், தோட்டத்து மேட்டில் வண்டி வயிறு தட்டும்போது முதலில் தட்டுவது அதுதான். மடங்கும் படி, வண்டி ஓடும்போது உள்ளே இருப்பதால், இறங்கும்போது நன்றாகக் கீழே வர முடியும். கூடுதல் காசு கொடுப்பதற்கு இது ஒன்றுதான் சரியான காரணம். அழகுக்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி. இதைப் போட்டால் சுலபமாக ஏறுவார்களா?

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். அம்மா வழக்கமாக ஏறும் கதவைத் திறந்து, தரையிலிருந்து வண்டியின் தள விளிம்பு வரை டேப்பில் அளங்கள். 60 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் காட்டும் படி இறங்கிய நிலையில் தரையிலிருந்து 35 செ.மீ.யில் நிற்கிறது என்றால், அம்மா முதலில் 35 செ.மீ. ஏற வேண்டும், பிறகு 25 செ.மீ. வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. உயரந்தான். அதாவது வண்டியின் முதல் படியே மாடிப்படி இரண்டுக்குச் சமம். வீட்டுப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்து ஏறுபவருக்கு இது கஷ்டம்.

எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஏற்றிப் பாருங்கள். ஒரு செங்கல் படுத்த வாக்கில் சுமார் 6.5 செ.மீ. உயரம். ஐந்தைந்து செங்கலாக இரண்டு அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் மேலே ஒரு கனமான பலகையைப் போட்டால் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பலகை ஆடாமல் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் ஏறிப் பாருங்கள். பிறகு அம்மாவை, நீங்கள் பக்கத்தில் நின்று தாங்கிக்கொண்டு, ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உடுத்தும் சேலை, போடும் செருப்பு, இரண்டோடும் சோதியுங்கள். முழங்கால் எங்கே தயங்குகிறது, கை எதைத் தேடுகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

கை தேடும் இடத்தில் பிடி இல்லை என்றால் முதலில் அதைப் பொருத்துங்கள். முன்கதவின் தூணிலும் நடுத்தூணிலும் உறுதியான கைப்பிடி இருந்தால் பாதிப் பாரம் கைக்குப் போய்விடும். படிக்குச் செலவு செய்து பிடிக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மிதிக்கும் அகலமும் முக்கியம். பாதத்தின் பாதிக்குக் குறைவாக மிதிக்க இடம் கொடுக்கும் படியில் வயதானவர்கள் நம்பி நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று, பிசியோதெரப்பியில் சொல்லித்தருவது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதைப் பழக்கிவிட்டாலே பலருக்குப் பயம் குறைகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 35 செ.மீ. முடியவில்லை என்றால், இன்னும் தாழ இறங்கும் மாடல் உங்கள் வண்டிக்கு வருகிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அகலமான கால்களுள்ள ஒரு முக்காலி போதும், செலவும் மிச்சம்.

எத்தனை கிலோ தாங்கும்?

நல்ல தயாரிப்புகள் எழுத்திலேயே சொல்கின்றன. அமெரிக்காவின் ஏ.எம்.பி. ரிசர்ச் பவர்ஸ்டெப், பக்கத்துக்கு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ தாங்கும் என்று குறிப்பிடுகிறது. வேறு பிராண்டு வாங்கும்போது அந்த எண் ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும் ஆளுக்குப் பாரமும் கூடும், மிதியும் பலமாக விழும். எண் எழுதப்படாத படியை வாங்க வேண்டாம்.

என் வண்டிக்குப் பொருந்துமா?

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், நவாரா ஒவ்வொன்றுக்கும் படியை வண்டியில் பிடிக்கும் தாங்கி வேறு. ஒரே பெயரிலும் தலைமுறை மாறினால் தாங்கியும் வயரும் மாறும். 2022-இல் வந்த ரேஞ்சருக்கான செட்டை அதற்கு முந்தைய ரேஞ்சரில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்டி அட்டையில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் இரண்டு கதவா நான்கு கதவா என்பதையும் சொல்லி வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நிறுவனம் விட்ட துளைகளில்தான் தாங்கி உட்கார வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் புதுத் துளை போடவோ பற்றவைக்கவோ யாரையும் விடாதீர்கள். துளை போட்ட இடத்தில் துரு தொடங்கும், பற்றவைத்த இடம் பலம் இழக்கும்.

கதவு திறந்ததைப் படி எப்படித் தெரிந்துகொள்ளும்? எந்த வகை நல்லது?

மூன்று வகை புழக்கத்தில் உள்ளன. முதலாவது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. பிளக்கில் செருகி வண்டியின் கணினியிடமே கேட்டுக்கொள்வது. இரண்டாவது, கதவுச் சட்டத்தில் காந்தமும் சென்சாரும் ஒட்டி வயர் இழுப்பது. மூன்றாவது, அதே காந்தம், வயர் இல்லாமல், சின்ன பேட்டரியில்.

எனக்குப் பிடித்தது முதலாவது. எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். சர்வீஸில் போர்மேன் தன் ஸ்கேனரைச் செருக அதைப் பிடுங்குவார், திரும்பச் செருக மறந்தால் படி வேலை செய்யாது. வண்டி எடுக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வயர் போட்ட காந்த வகையும் உழைக்கும், ஆனால் ஒட்டுப்பசை வெயிலில் இளகிக் காந்தம் விழுந்துவிடும். வயரில்லாத வகையைத் தோட்டத்து வண்டிக்கு நான் சொல்வதில்லை. பேட்டரி தீர்ந்தது தெரியாமல் படியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

தோட்டத்துச் சகதியில் எத்தனை நாள் உழைக்கும்?

நாளைப் பராமரிப்புதான் தீர்மானிக்கும். எங்கள் பட்டறைக்குத் திரும்பி வரும் படிகளில் மோட்டார் எரிந்தது குறைவு. மடக்குக் கையில் மண் இறுகிப்போனதுதான் அதிகம்.

லிந்தாங் சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் சக்கரம் அள்ளி வீசும் சகதி நேராக அந்தக் கைகளில்தான் படியும். அதோடு செம்பனை மட்டையின் நாரும் லாலாங் புல்லும் சுற்றிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மறுநாள் வெயிலில் காய்ந்ததும், கை மடங்கும் மூட்டில் இருக்கும் மண் சுட்ட ஓடாக இறுகும். கதவைத் திறக்கிறீர்கள், படி பாதி வரை வந்து நிற்கிறது. மோட்டார் தடையை உணர்ந்து நின்றுவிட்டது, அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உடனே மோட்டாரை மாற்றச் சொல்லும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் முதலில்.

கழுவும் முறை இது. கதவைத் திறந்து படியை முழுதாக இறக்குங்கள். படிக்கென்று சுவிட்ச் இருந்தால் அதை அணையுங்கள், அல்லது படியின் பியூஸைப் பிடுங்குங்கள். கையை உள்ளே விட்டிருக்கும்போது யாராவது கதவை மூடிவிடக் கூடாது. தோட்டக் குழாயால் மூட்டுகளை நனைத்து ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, நாரை விரலால் உருவி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் பூசவே பூசாதீர்கள். புழுதியை இழுத்துப் பிடித்து அரைப்பசையாக்கிவிடும். இங்கே மழை ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் வெளுத்து வாங்கும். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

பொட்டாஷ் ஏற்றினீர்களா? சிவப்பாக உப்புப்போல இருக்கும் அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. சிந்திய இடத்தில் ஈரம் பட்டால் இரும்பையும் அரிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். அன்றைக்கே கழுவிவிடுங்கள், வாரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்படியானால் தோட்டத்து வண்டிக்கு வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

அணைக்கும் சுவிட்ச். விளக்கு, நிறம், பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தோட்டத்துக்குள் நுழையும்போது சுவிட்சை அணைத்துவிட்டால் படி மடங்கியபடியே இருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேச, குலையை எண்ண, வேலி பார்க்க என்று ஒரு காலையில் பல தடவை கதவைத் திறப்போம். ஒவ்வொரு முறையும் படி இறங்கிச் சகதிக்குள் முங்கி, அந்தச் சகதியையே வண்டிக்கு அடியில் அள்ளிக்கொண்டு போக வேண்டாமே. சாலைக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். சில செட்டுகளில் இந்தச் சுவிட்ச் வருவதே இல்லை, சிலவற்றில் போன் செயலியில் மட்டும் இருக்கும். சகதிக் கையோடு போனைத் தேடுவது நடக்காத காரியம். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் நிஜமான சுவிட்ச் இல்லாத செட்டைத் தோட்டத்து வண்டியில் மாட்ட நான் சம்மதிப்பதில்லை.

வெள்ளத்தில் இறங்கலாமா?

ஹைலக்ஸுக்கு 700 மி.மீ., 2022 ரேஞ்சருக்கு 800 மி.மீ. தண்ணீர் ஆழம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு தண்ணீரில் படியின் மோட்டார் முழுக்க முங்கிவிடும். மோட்டாரும் பெட்டியும் ஐ.பி. 67 என்ற நீர்புகாத் தரம் என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்று அர்த்தம். ஐ.பி. 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், முங்குவதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே 67 கேளுங்கள். அதே சமயம் 67 என்பது உயர் அழுத்தப் பீய்ச்சலுக்கான சான்று ஆகாது. கார் கழுவும் கடையில் குழாய் முனையைப் பிளக்குகளுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டியை எஞ்சின் அறையில் உயரமாக, பேட்டரி பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி இறங்கிவிடுமா?

படி இறங்கி ஏறும் சில வினாடிகளுக்குத்தான் மின்சாரம் அதிகம். அதற்காகப் பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயரும் தனிப் பியூஸும் வர வேண்டும். வேறு ஏதாவது வயரில் கிளை எடுப்பது தீப்பிடிக்க வழி. பேட்டரியை இறக்குவது, வண்டியைப் பூட்டிய பிறகும் தூங்காத கட்டுப்பாட்டுப் பெட்டி. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பார்த்தால் மொத்த வண்டியும் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் படியின் பியூஸைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பொருத்திய அன்றைக்கே பட்டறையில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கால் மாட்டிக்கொள்ளுமா?

தடை உணரும் வசதி இருந்தாலும், அது நிற்பதற்கு முன் ஒரு அழுத்தம் விழும். சின்னக் காலுக்கு அதுவே வலிக்கும். பொருத்தியதும் ஒரு காலி அட்டைப்பெட்டியைப் படிக்குக் கீழேயும், பிறகு படி மடங்கும் வழியிலும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பெட்டியை நசுக்கும் படியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி: படியில் நின்றுகொண்டு கதவை மூடக் கூடாது. பெரியவர்களுக்கும்தான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது கூரையில் சாமான் கட்ட படியில் ஏறி நிற்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கதவு திறந்தே இருக்கட்டும்.

கல், கட்டை தட்டினால் வண்டியைக் காக்குமா?

காக்காது. அதற்கு இரும்புக் குழாயில் செய்த ராக் ஸ்லைடர் வேறு.

ஜாக்கி, டயர், சர்வீஸ்?

படியின் மீதோ அதன் கையின் மீதோ ஜாக்கி வைக்கவே கூடாது. பட்டறையில் வண்டியைத் தூக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். தூக்கியிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் படி இறங்கி லிஃப்டின் கையில் மோதும்.

ஜே.பி.ஜே., இன்சூரன்ஸ், வாரண்டி?

உங்கள் வண்டி ஆய்வுக்கு அனுப்ப வேண்டிய வகைப் பதிவாக இருந்தால், பொருத்துவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. கவுண்டரில் கேட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் சொல்வதை அதிகாரி சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்சூரன்ஸில் நாமாகச் சேர்த்த உதிரிப் பொருள்கள் தானாக அடங்காது. தனியார் வாகனப் பாலிசியில் 97 என்ற எண்ணுள்ள கூடுதல் பிரிவு அதற்காகவே இருக்கிறது. ரசீதைக் கொடுத்து அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாரண்டியில் இருக்கும் புது வண்டி என்றால் வயரை வெட்டாத பிளக் வகை மட்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கிப் பொருத்தித் தருவீர்களா?

பொருத்திக் கொடுக்கலாம். ஆனால் ஒரு மோட்டார் மட்டும், ஒரு சென்சார் மட்டும் தனியாக விற்கிறார்களா என்று முதலில் அந்த விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது எத்தனை வெள்ளி குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு பக்க மோட்டார் போனதற்காக இரண்டு பக்கச் செட்டையும் திரும்ப வாங்குவது அநியாயச் செலவு. உள்ளூரில் விலை கேட்கும்போது படி, தாங்கி, வயர் செட், கூலி நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு கடையை ஒப்பிட முடியும்.

விளக்கு தேவையா?

விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புபவர்களுக்கு நல்லது. காலடியில் பாம்போ சாக்கடையோ இருந்தால் தெரியும்.

நடுவழியில் படி மடங்காமல் நின்றுவிட்டது. என்ன செய்வது?

முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். படி வெளியே நீட்டியபடி ஓட்டினால் மோட்டார்சைக்கிளில் வருபவரின் காலை அடிக்கும். எல்லாக் கதவையும் ஒரு முறை திறந்து அழுத்தி மூடுங்கள். பாதி நேரம் கதவு சரியாக மூடாததுதான் காரணம். அடுத்து மூட்டில் கல், கட்டை ஏதும் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பிறகு பியூஸைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் செருகுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் காலால் உதைத்து உள்ளே தள்ளாதீர்கள். பெரும்பாலான மோட்டாரில் பின்னோக்கிச் சுழலாத கியர்தான் இருக்கிறது, உதைத்தால் பல் உடையும். பியூஸைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைக் கையோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அதன் பிறகு படி கையாலேயே மடங்கும். மடக்கிப் பிடித்து, கயிறோ தடித்த கேபிள் டையோ போட்டு இரண்டு இடத்தில் கட்டி வீட்டுக்கு ஓட்டி வரலாம். இதற்கு வேண்டிய ஸ்பேனரின் அளவைப் பொருத்தும் நாளிலேயே கேட்டு, அந்த ஸ்பேனரையும் நான்கு கேபிள் டையையும் ஜாக்கிப் பையிலேயே போட்டு வையுங்கள்.

கழற்றிய பழைய படியை என்ன செய்வது?

விற்றுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது மடங்கும் படியைக் கழற்றி எடுத்துக்கொள்ள அது வேண்டும். போல்ட்டுகளை எண்ணெய் தடவி ஒரு டின்னில் போட்டு, டின்னின் மேல் எந்தப் பக்கம் என்று எழுதி, படியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.